துரு புடிச்ச 1970 ஷெவெல், 8,500 டாலர், வாங்கலாமா?

தம்பி கேட்டது இதுதான். ஒஹாயோல டொலீடோ பக்கம் ஒரு பண்ணை வீட்டு கொட்டகையில 1970 ஷெவ்ரலே ஷெவெல் மாலிபு ரெண்டு கதவு வண்டி ஒண்ணு நிக்குது, 307 க்யூபிக் இன்ச் வி8 இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர், மேல கறுப்பு வினைல் ரூஃப், 30 வருஷத்துக்கு மேல ஓடல. ஓனர் தாத்தா 8,500 டாலர் கேக்குறார், "இதை எஸ்எஸ் ஆக்கிட்டா லட்சத்துக்கு போகும்"னும் சொல்றாராம். (எஸ்எஸ்ன்னா சூப்பர் ஸ்போர்ட், அதே ஷெவெல்லோட பெரிய இன்ஜின் வச்ச வேக ரகம்.) தம்பி கையில 25 ஆயிரம் இருக்கு, ரெண்டு கார் நிக்கிற கராஜ் இருக்கு, வெல்டிங் தெரியாது. எடுக்கலாமா வேணாமா?

நேரா சொல்லிடறேன், 8,500க்கு எடுக்காதீங்க. காரை பிடிக்கலன்னு சொல்லல, 1970 ஷெவெல் மாதிரி முகம் உள்ள வண்டி அமெரிக்காவுல அதுக்கப்புறம் வரவே இல்லன்னு நினைக்கிறவன் நான். ஆனா பழைய மஸில் கார்ல, அதாவது நடுத்தர சைஸ் உடம்புல பெரிய இன்ஜின் வச்ச அந்தக் காலத்து அமெரிக்க வேக வண்டிங்கள்ல, ரெண்டு விஷயம்தான் விதியை எழுதுது, ஒண்ணு அது ஃபேக்டரியில என்னவா பொறந்துச்சு, இன்னொண்ணு துரு எந்த இடத்துல இருக்கு. மத்ததெல்லாம், இன்ஜின் ஓடுமா, சீட் கிழிஞ்சிருக்கா, பெயிண்ட் போயிருச்சா, இதெல்லாம் பேரம் பேசுறதுக்கு மட்டும்தான் உதவும்.

நான் மிச்சிகன்ல 20 வருஷமா இருக்கேன், வேலை ஸ்டாம்பிங் டை டிசைன், அதாவது கதவு, பானட், ஃபெண்டரை எல்லாம் தகட்டுல அடிச்சு எடுக்குற அச்சு. தகடு எப்படி மடியும், எங்க தண்ணி தங்கும், எங்க அரிக்கும்னு தினமும் பாக்குற வேலை. சொந்தமா ஒரு 1968 பாண்டியாக் ஃபயர்பேர்டு வச்சிருக்கேன், அதுல பட்ட அடியை கீழ சொல்றேன்.

முதல்ல அந்த லட்சம் டாலர் பேச்சு. 1964ல பாண்டியாக்காரங்க சாதாரண நடுத்தர சைஸ் டெம்பெஸ்ட் வண்டிக்குள்ள 389 க்யூபிக் இன்ச் பெரிய இன்ஜினை வச்சு ஜிடிஓன்னு விட்டாங்க, பொதுவா மஸில் கார் கதை அங்கருந்துதான் ஆரம்பிக்குதுன்னு சொல்லுவாங்க. 1970ல ஜெனரல் மோட்டார்ஸ் நடுத்தர வண்டிக்கு வச்சிருந்த 400 க்யூபிக் இன்ச் வரம்பை எடுத்துட்டாங்க, அதே வருஷம் ஷெவெல்ல 454 எல்எஸ்6 வந்துச்சு, 450 குதிரைத்திறன். 1971ல புகைக் கட்டுப்பாட்டுக்காக கம்ப்ரஷனை குறைச்சாங்க, 1973ல எண்ணெய் நெருக்கடி, கதை முடிஞ்சுது. அந்த சில வருஷத்து பெரிய இன்ஜின் வண்டிங்களுக்குத்தான் அந்த விலை. உங்க கொட்டகை வண்டியில இருக்கிற 307, அந்த வருஷத்து மாலிபுல இருந்ததுலயே சின்ன வி8, 200 குதிரைத்திறன். ஆளுங்க கடைக்கு போக, புள்ளைங்களை ஸ்கூல்ல விட வாங்குன வண்டி. அதுல ஒரு குறையும் இல்ல, ஆனா எல்எஸ்6 விலையை அது தலையில ஏத்தக்கூடாது.

இதை எப்படி உறுதி பண்றதுன்னா, டிரைவர் பக்கம் டேஷ்போர்டு ஓரத்துல கண்ணாடி வழியா தெரியுற விஐஎன், அதாவது வண்டியோட அடையாள நம்பர், தகட்டை பாருங்க. 13637னு ஆரம்பிச்சா 1ன்னா ஷெவ்ரலே, 36ன்னா மாலிபு வி8, 37ன்னா ரெண்டு கதவு ஹார்ட்டாப். அடுத்த 0 தான் 1970, அதுக்கடுத்த எழுத்து எந்த ஃபேக்டரின்னு சொல்லும். இங்க ஒரு சிக்கல் இருக்கு, 1966லருந்து 1968 வரைக்கும் எஸ்எஸ் 396 தனி மாடல், விஐஎன் 138னு ஆரம்பிச்சா அது எஸ்எஸ்தான். ஆனா 1969, 70ல எஸ்எஸ் வெறும் ஆப்ஷன் பேக்கேஜ், விஐஎன்ல அது தெரியவே தெரியாது. ஷெவ்ரலேக்கு தனித்தனி வண்டி ரெக்கார்டை இப்ப கேட்டு வாங்க வழி இல்ல, கனடாவுல வித்த வண்டிக்கு மட்டும் கிடைக்கும். பாண்டியாக்னா பிஹெச்எஸ்ங்கிற பழைய ரெக்கார்டு வச்சிருக்கிற நிறுவனத்துக்கு எழுதி கேட்டா ஃபேக்டரி பில் நகலே வரும், ஃபோர்டுன்னா 1967லருந்து அதே மாதிரி ஃபேக்டரி விவரம் சொல்ற மார்ட்டி ரிப்போர்ட் இருக்கு, டாட்ஜ் ப்ளிமத்னா 1966லருந்து விஐஎன்ல அஞ்சாவது எழுத்தே இன்ஜினை சொல்லிடும். ஷெவெல்காரனுக்கு மிஞ்சினது பில்ட் ஷீட்டுன்னு, வண்டியில என்னென்ன மாட்டணும்னு ஃபேக்டரியில எழுதின ஒரு காகிதம், பெட்ரோல் டேங்க் மேலயோ பின் சீட் ஸ்ப்ரிங்லயோ சொருகி விட்டிருப்பாங்க, பாதி எலி தின்னிருக்கும். அதுல இசட்25ன்னு இருந்தா எஸ்எஸ் 396, இசட்15ன்னா 454. இல்லன்னா மாலிபு, அவ்வளவுதான். பேட்ஜ் ஒட்டி, பானட்டை மாத்தி எஸ்எஸ் மாதிரி ஆக்கிக்கிறது உங்க ஆசை, தப்பில்ல, ஆனா அதை நிஜ எஸ்எஸ்ன்னு விக்கிறது மோசடி, விலையும் நிஜத்துக்கு பக்கத்துல கூட வராது.

விஐஎன் தகட்டை பிடிச்சிருக்கிற ரிவிட்டையும் பாருங்க, ரோஜா இதழ் மாதிரி ஆறு இதழ் இருக்கணும். சாதாரண பாப் ரிவிட் அடிச்சிருந்தா தகடு எங்கிருந்தோ வந்திருக்கு, அந்த வண்டி பக்கமே போகாதீங்க. டைட்டில் பேப்பர்ல, அதாவது வண்டி யாருதுன்னு சொல்ற பத்திரத்துல, உள்ள நம்பரும் இதுவும் ஒண்ணான்னு ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. "டைட்டில் எங்கயோ இருக்கு, அப்புறம் தேடித் தரேன்"னு தாத்தா சொன்னா, கைக்கு வர்றவரைக்கும் ஒரு டாலர் கூட குடுக்காதீங்க.

இப்ப துரு. இங்கதான் ரொம்ப பேர் ஏமாறுறாங்க, ஏன்னா கண்ணுக்கு தெரியுற துரு, ஃபெண்டர் நுனி, கதவுக்கு கீழ, அதெல்லாம் மலிவான துரு. ஃபெண்டர், கதவு, பானட் எல்லாம் போல்ட் போட்டு மாட்டுறது, ஷெவெல்லுக்கு கிட்டத்தட்ட எல்லாமே புதுசா கிடைக்குது. (இதே நீங்க ஏஎம்சி ஜாவ்லினோ மெர்க்குரி சைக்ளோனோ பாத்திருந்தா ஒரு பின் லைட்டுக்கு வருஷக்கணக்குல தேட வேண்டியிருக்கும், அந்த வகையில ஷெவெல், கமாரோ, மஸ்டாங் மூணும் புண்ணியவான். 1969 கமாரோவுக்கு முழு பாடியே புது தகட்டுல அடிச்சு விக்குறாங்க.) விலை உயர்ந்த துரு மறைஞ்சு இருக்கிற துரு.

நம்ம ஏரியாவை யோசிச்சு பாருங்க. டெட்ராய்ட் ஊருக்கு அடியில ஆயிரம் அடிக்கும் கீழ உப்புச் சுரங்கமே இருக்கு, பனிக்காலம் முழுக்க ரோட்ல உப்பைக் கொட்டுறாங்க. அந்தக் காலத்து வண்டிக்கு இன்னிக்கு மாதிரி துத்தநாகப் பூச்சு தகடு கிடையாது, ரெண்டு தகட்டை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ஸ்பாட் வெல்டு அடிச்ச இடுக்குக்குள்ள பெயிண்ட் போகவே போகாது, உப்புத் தண்ணி மட்டும் போகும். அப்புறம் வண்டியை கொட்டகையில விட்டாச்சு, மண் தரை, கீழருந்து ஈரம் வந்துகிட்டே இருக்கும். மேல தூசியோட பாத்தா அழகா, பத்திரமா இருந்த மாதிரி தெரியும், அடியில 30 வருஷமா ஆவி பிடிச்சிருக்கும்.

உங்க வண்டியில வினைல் ரூஃப்ன்னு சொன்னதும் எனக்கு அதுதான் பக்குனு இருந்துச்சு. பின் கண்ணாடியை சுத்தி ஒரு பள்ளம் ஓடும், அதுல சின்னச் சின்ன ஆணி மாதிரி ஸ்டட் வெல்டு பண்ணி அதுல குரோம் பட்டையை மாட்டியிருப்பாங்க. ஒவ்வொரு ஸ்டட் அடியிலயும் பெயிண்ட் விட்டுப்போயிருக்கும். மழைத்தண்ணி வினைலுக்கு அடியில போய் அங்க உக்காரும், தகட்டைத் தின்னுட்டு நேரா டிக்கிக்குள்ள சொட்டும், டிக்கி தரை போகும், அப்படியே ஓரமா இறங்கி குவார்ட்டர் பேனல், அதாவது பின் சக்கரத்துக்கு மேல உள்ள பக்கத் தகடு, அதோட உள்பக்கத்துல இருந்து அரிச்சு வெளிய வரும். அதனால வினைல் மேல கையை வச்சு தடவிப் பாருங்க, உள்ள கொப்புளம் கொப்புளமா, அமுக்குனா மொறுமொறுன்னு சத்தம் வந்தா அடியில தகடு பொரி மாதிரி ஆயிருக்கு. டிக்கிக்குள்ள படுத்துகிட்டு ஃப்ரெண்டை விட்டு மூடச் சொல்லுங்க, நிஜமாத்தான் சொல்றேன், உள்ளருந்து வெளிச்சம் எங்கெங்க தெரியுதுன்னு பாருங்க.

அடுத்தது சேஸிஸ். ஷெவெல்ல பாடி தனி சேஸிஸ் தனி, இது ஒரு பெரிய நல்லது, மஸ்டாங் மாதிரி பாடியே எலும்பா இருக்கிற வண்டியில தரை போச்சுன்னா முதுகெலும்பே போன மாதிரி. (மஸ்டாங் பாக்கப் போறவங்க கண்ணாடிக்கு முன்னாடி இருக்கிற காத்துவாரி ஜல்லடையில ஒரு குடம் தண்ணி ஊத்திட்டு கார்ப்பெட்டுக்கு அடியில கையை விட்டுப் பாருங்க, நனைஞ்சா பேரத்தை அங்கருந்து ஆரம்பிங்க.) ஆனா ஷெவெல் சேஸிஸ் பின் ஆக்ஸிலுக்கு மேல வளைஞ்சு ஏறுற இடத்துல சேறும் உப்பும் தங்கும். ஒரு சின்ன சுத்தியல் எடுத்துட்டு படுத்து தட்டிக்கிட்டே வாங்க. நல்ல இரும்பு டங்குனு கணீர்னு பேசும், போன இரும்பு தப்புனு அமுங்கும், சில சமயம் சுத்தியலே உள்ள போயிடும். பாடியை சேஸிஸோட சேக்குற போல்ட் இடங்களையும் ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. சேஸிஸ் போயிருந்தா ஒட்டுப் போடாதீங்க, தெற்கு மாநிலத்துல இருந்து வேற சேஸிஸ் தேடணும், செலவு வேற கணக்கு.

காந்தம் மறக்காதீங்க. ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற மெல்லிசு காந்தம் போதும், மெல்லிய துணி சுத்தி குவார்ட்டர் பேனல், வீல் வளைவு, கதவுக்கு கீழ எல்லாம் நகர்த்துங்க, எங்க ஒட்டலையோ அங்க தகட்டுக்கு பதிலா பட்டி போட்டு ரொப்பியிருக்கு.

என் ஃபயர்பேர்டு கதை இதுதான். 2011ல வாங்குனேன், பளபளன்னு நீல பெயிண்ட், வித்தவர் "கலிஃபோர்னியா வண்டி"ன்னார், நான் காந்தம் கொண்டு போகல. ரெண்டாவது குளிர்காலத்துல பின் வீல் பக்கத்துல காசு அளவு ஒரு குமிழ் வந்துச்சு, கிரைண்டர் வச்சு லேசா சுரண்டினேன். பெயிண்ட், அதுக்கு அடியில பிங்க் கலர் பட்டி, சுரண்ட சுரண்ட பட்டி, கட்டைவிரல் கனத்துக்கு பட்டி. அதுக்கு அடியில வீட்டு ஹீட்டர் காத்துக்குழாய் செய்யுற மெல்லிசு தகடு ஒண்ணை பாப் ரிவிட் அடிச்சு ஓட்டையை மூடி இருந்தாங்க, தகட்டுக்கு பின்னாடி நல்ல இரும்பே இல்ல, செங்கல் பொடி மாதிரி துரு கொட்டுது. அன்னிக்கு கராஜ் தரையில உக்காந்து அந்தப் பொடியை கையில அள்ளிப் பாத்தது இன்னும் ஞாபகம் இருக்கு. ரெண்டு குவார்ட்டர் பேனல், டிக்கி தரை, முன் சப்ஃப்ரேம் மாட்டுற இடம், எல்லாம் மாத்தினோம். ஒரு பட்டறையில விட்டேன், 4 மாசம்னு சொன்னாங்க, 14 மாசம் ஆச்சு. வாங்கினதையும் சேத்து 47 ஆயிரம் டாலர் போட்டிருக்கேன், இன்னிக்கு வித்தா 32, 33 தேறலாம். நான் விக்கப் போறதில்ல, என் பொண்ணு அதுலதான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டா, ஆனா அந்த 47ஐ தெரிஞ்சு போடுறது வேற, தெரியாம போடுறது வேற.

சரி, உங்க கணக்கை பாப்போம், எங்க பக்கத்துல பட்டறைக்காரங்க சொல்ற ரேட்டை வச்சு நானே போட்ட உத்தேசம். வண்டி 8,500. பெயிண்டை முழுக்க பிளாஸ்ட் பண்ணி, அதாவது மணல் மாதிரி பொடியை வேகமா அடிச்சு, எடுக்க 2,000. தரை, டிக்கி, குவார்ட்டர், பின் கண்ணாடி பள்ளம்னு தகடுங்க 5,000. டிங்கரிங், வெல்டிங் கூலி குறைஞ்சது 250 மணி நேரம், மணிக்கு 90ன்னு வச்சா 22,500. பெயிண்ட் உருப்படியா அடிக்க 12,000. இன்ஜின் 5,000, கியர்பாக்ஸ் 2,000, பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், டேங்க், பெட்ரோல் குழாய் எல்லாம் சேத்து 4,000, சீட், கார்ப்பெட், கூரைத்துணி 3,500, பம்பர் குரோம், கண்ணாடி, ரப்பர் பீடிங் 3,500, வயரிங் 1,000, வீல் டயர் 1,200. கூட்டுனா 70,200 டாலர். முடிச்சு நிறுத்துன நல்ல மாலிபு, எஸ்எஸ் இல்லாதது, நான் பாத்த வரைக்கும் 30லருந்து 45 ஆயிரத்துக்குள்ள கைமாறுது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்களே, இங்க அந்த சுமைகூலிங்கிறது டிங்கரிங் கூலிதான், பாருங்க, தனியா அதுவே வண்டி விலையைப் போல ரெண்டரை மடங்கு. பார்ட்ஸ் விலையை மட்டும் கேட்டலாக்ல கூட்டிப் பாத்து "அட, 20 ஆயிரத்துல முடியும் போல"ன்னு இறங்குறவங்க எல்லாரும் மாட்டுறது இங்கதான்.

அப்ப யாருக்குத்தான் இது கட்டுப்படியாகும்னா, மூணு பேருக்கு. நிஜமான, பேப்பர் உள்ள எஸ்எஸ் 454ஓ ஹெமி இன்ஜின் வச்ச ப்ளிமத் 'குடாவோ கிடைச்சவங்களுக்கு, அதுல 70 ஆயிரம் போட்டாலும் திரும்ப வரும். அப்பா தாத்தா ஓட்டின வண்டியை வச்சிருக்கிறவங்களுக்கு, அங்க இந்தக் கணக்கே பேசக்கூடாது. அப்புறம் தானே வெல்டிங் கத்துக்கிட்டு தானே செய்யுறவங்களுக்கு, அவங்களுக்கு அந்த 22,500ம் பெயிண்ட்ல பாதியும் மிச்சம், பதிலுக்கு 3, 4 வருஷத்து சனி ஞாயிறு போகும். வெல்டிங் கத்துக்கிறது முடியாத காரியம் இல்ல, கம்யூனிட்டி காலேஜ்ல ஈவினிங் வகுப்பு இருக்கு, நான் அப்படித்தான் பின்னாடி கத்துக்கிட்டேன். ஆனா முதல் தையலை கல்யாணப் பட்டுல போடாதீங்க, ரெண்டு மாசம் ஓட்டைத் தகட்டுல ஒட்டிப் பழகுங்க. மெல்லிசு தகட்டுல நீளமா இழுத்து வெல்டு போட்டா சூட்டுல தகடு அப்பளம் மாதிரி வளைஞ்சுடும், புள்ளி புள்ளியா இடம் மாத்தி மாத்தி வச்சு, ஆற விட்டு வரணும்.

இன்னொரு வழி, எனக்கு ரொம்ப பிடிச்ச வழி, உங்க 25 ஆயிரத்துக்கு ஓடிக்கிட்டிருக்கிற, பெயிண்ட் மங்கின, தெற்கத்தி மாலிபு ஒண்ணை வாங்குறது. அரிசோனா, நியூ மெக்ஸிகோ வண்டின்னா சீட்டு, டேஷ்போர்டு எல்லாம் வெயில்ல வெடிச்சிருக்கும், அடியில தகடு நல்லா இருக்கும், சீட்டை மாத்துறது சுலபம், தரையை மாத்துறதுதான் கஷ்டம். வண்டியை வாங்கின வாரமே ஓட்டலாம், ஒரு வருஷம் பிரேக், அடுத்த வருஷம் இன்ஜின்னு மெதுவா செய்யலாம், 307ஐ எடுத்துட்டு 350 வைக்கணும்னா ரெண்டும் ஒரே ஸ்மால் பிளாக் குடும்பம், அதே இடத்துல உக்காரும். ஆகஸ்ட்ல டெட்ராய்ட் பக்கம் பழைய வண்டிங்க ஊர்வலமா போற வுட்வர்டு ட்ரீம் க்ரூஸுக்கு வந்து பாருங்க, 1995லருந்து நடக்குது, அங்க சந்தோஷமா கைகாட்டிக்கிட்டு போறவங்கள்ல பாதிப் பேர் வண்டி ஷோரூம் மாதிரி இருக்காது, ஆனா ஓடுது. பிரிச்சுப் போட்டு டப்பா டப்பாவா கராஜ்ல கிடக்கிற வண்டியோட சொந்தக்காரங்க ஓரத்துல சேர் போட்டு உக்காந்திருப்பாங்க, அவங்களை பாக்கும்போது மனசு கஷ்டமா இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, அடுத்தவங்க பாதியில விட்ட ப்ராஜெக்ட் மலிவா வந்தா, டப்பாவுல என்ன இருக்குன்னு எண்ணாம வாங்காதீங்க. காணாமப் போற பத்து சின்ன பிராக்கெட்டுக்கு நாலு மாசம் அலைய வேண்டி வரும்.

தாத்தா வண்டிக்கு வருவோம். சனிக்கிழமை போங்க, காந்தம், சுத்தியல், நல்ல டார்ச், ஸ்க்ரூடிரைவர், பழைய போர்வை ஒண்ணு எடுத்துக்கோங்க. தாத்தாகிட்ட முதல்லயே சொல்லிட்டு தட்டுங்க, அவருக்கு அது வெறும் இரும்பு இல்ல. சேஸிஸ் கணீர்னு இருந்து, பின் கண்ணாடி பள்ளமும் நல்லா இருந்து, தரையில மட்டும் ஓட்டைன்னா 4,500, 5,000 வரைக்கும் போகலாம், அதுவும் நீங்க வெல்டிங் கத்துக்க தயார்னா மட்டும். பள்ளமும் போய் சேஸிஸும் போயிருந்தா விட்டுடுங்க. அப்படி விட்டுட்டு வரும்போது அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க, கதவு, பானட், கண்ணாடி, பின் பம்பர், சீட் ஃப்ரேம் இதெல்லாம் நல்லா இருந்தா தனித்தனியா வாங்கிக்க ஷெவெல் பண்றவங்க வரிசையில நிப்பாங்க, தயவுசெஞ்சு பேரிச்சம்பழத்துக்கு போட்டுடாதீங்கன்னு. 1970லருந்து 72 வரைக்குமான ஷெவெல் கதவு ஒரிஜினல் தகட்டுல கிடைக்கிறது இப்ப குறைஞ்சுகிட்டே வருது, புதுசா அடிக்கிற கதவு இடுக்கு சரியா உக்கார அரை நாள் தட்டணும், ஃபேக்டரி கதவு மாட்டின உடனே டப்புனு மூடும்.